பழைய சொகுசுக் கார்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி போன்ற கார்களை வாங்க நினைக்கும் வணிக அன்பர்கள் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதுதான்.

புதிதாக 50 லட்ச ரூபாய்க்கு விற்ற கார், 12 ஆண்டு கழித்து 6 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய புதுக் காரின் விலையில் பெரிய கார். ஆசை வருவது இயல்பே. ஆனால் விலை இறங்கியது காருக்கு மட்டும்தான். அதன் பிரேக் தட்டு, கியர்பெட்டி, மின்னணுக் கருவிகள் எல்லாம் இன்றும் 50 லட்ச ரூபாய்க் காரின் உதிரிகளே. அவற்றின் விலை இறங்குவதில்லை.

இதை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு கார் வாங்கினோம். ரேடியேட்டரில் நீர் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளித்தோம். ஒருநாள் நெடுஞ்சாலையில் வெப்பமுள் மேலே ஏறியது. அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று ஓட்டினோம். அலுமினிய எஞ்சின் தலைப்பகுதி வளைந்துவிட்டது. தீபாவளிப் பருப்புக் கொள்முதலுக்கு வைத்திருந்த பணம் பட்டறைக்குப் போயிற்று. சரக்கைக் கடனில் எடுத்தோம். அந்த ஆண்டுப் பண்டிகை லாபத்தை வட்டியே தின்றது. குற்றம் காருடையது அல்ல, நம்முடையது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை:

1. சர்வீஸ் வரலாறு. கிலோமீட்டர் காட்டியை நம்ப வேண்டாம். சேஸிஸ் எண்ணைக் கொண்டு கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பழைய பதிவுகளைக் கேட்டுப் பார்க்கலாம். வரலாறு இல்லாத மலிவான காரைவிட, வரலாறு உள்ள விலை கூடிய கார் லாபம்.

2. வெள்ளத்தில் மூழ்கியதா? 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட் தண்டவாளத்தில் சேறு, துரு, உள்ளே ஊறல் வாடை இருந்தால் விலகிவிடுங்கள்.

3. டயரின் வயது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

4. காற்றுப்பை சஸ்பென்ஷன். இரவு முழுதும் நிறுத்திக் காலையில் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் பை கசிகிறது. அப்படியே ஓட்டினால் கம்ப்ரஸரும் போகும்.

5. ஆவணங்கள். வெளிமாநில வண்டியானால் தடையின்மைச் சான்று வேண்டும். நம் மாநிலத்திலும் சாலை வரி கட்ட வேண்டும். அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பதிவுக்கு 15 ஆண்டே ஆயுள். பிறகு தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

வாங்கியபின் செய்ய வேண்டியவை மூன்று. எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் சொன்ன கூலண்ட் மட்டும் ஊற்றுங்கள். வெப்பமுள் ஏறினால் உடனே ஓரம் கட்டுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆட்டோமேடிக் கியர்பெட்டி எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்பர் சிலர். ஆனால் அந்தக் கியர்பெட்டிகளைச் செய்யும் ஜெர்மனியின் இசட்.எப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

இன்சூரன்ஸையும் கணக்கில் கொள்ள வேண்டும். பழைய காருக்குக் காப்பீட்டு மதிப்பு குறைவு. பழுது செலவோ மிகுதி. பழுது செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழுநஷ்டமாகவே கணக்கிடுவர். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையே கிடைக்கும். 10 ஆண்டு கடந்த காரின் உலோகப் பாகங்களுக்கும் பாதிதான். காரின் பழுதுக்கும் இன்சூரன்ஸுக்கும் கட்டும் ஜி.எஸ்.டி.யை நம் கடை வரியில் கழிக்கவும் இயலாது.

நாம் இப்போது கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு. வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனி வங்கிக் கணக்கில் போட்ட பிறகே காரை வீட்டுக்கு ஓட்டி வர வேண்டும். 6 லட்சத்துக் காருக்குக் கையில் 8 லட்சம் வேண்டும். அந்த 2 லட்சம் இல்லையென்றால் கார் வேண்டாம். அந்தப் பணம் எடுக்க எடுக்க நிரப்பப்பட வேண்டும்; கடையின் சுழல் முதலிலிருந்து ஒரு பைசா அதற்குப் போகக் கூடாது.

கவனித்து ஓட்டினால் இந்தக் கார்கள் நெடுங்காலம் உழைக்கும். நீண்ட பயணத்தில் முதுகு நோகாது. அந்தச் சுகத்தை நாம் மறுக்கவில்லை. நம் வாசலில் நிற்கும் காரைப் பார்த்து யாரும் சரக்குக் கடன் கொடுப்பதில்லை. சொன்ன தேதியில் பணம் கட்டுகிறோமா என்று பார்த்தே கொடுக்கிறார்கள். அந்த நாணயத்துக்குக் குறைவு வராத அளவில் கார் வாங்குவோம்.