பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓர் ஓட்டமும் விருந்தும்

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் தோட்ட வாழ்வோடு ஒட்டிப் பிறந்தவை. பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்களைப் பணித்தது. அந்நாளில் பள்ளி லயத்தின் அருகிலேயே இருந்தது. இருட்டோடு பிரட்டுக்குப் புறப்படும் தாய், பிள்ளையைத் தட்டி எழுப்பிவிட்டுச் சென்றால் போதும். மணியோசை கேட்டுப் பிள்ளை தானே நடந்து பள்ளியை அடைந்துவிடும்.

இன்று நிலைமை மாறிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது, சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. குடும்பங்கள் பட்டணங்களை நோக்கிச் சென்றன. 1957ஆம் ஆண்டில் 800க்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேலாகக் குறைந்துள்ளன. எஞ்சிய பிள்ளைகளோ ஓரிடத்தில் இல்லை; ஒரு டிவிஷனில் மூவர், மற்றொன்றில் ஐவர் எனச் சிதறிக் கிடக்கின்றனர். பாடநூல்களை அரசாங்கம் இரவலாகத் தருகிறது. வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவுத் திட்டமும் உண்டு. வேன் கட்டணமோ பெரும்பாலும் பெற்றோரின் தலையிலேயே விழுகிறது. மழை மாதங்களில் மரம் வெட்டும் நாள்கள் குறைந்து, சம்பளமும் குறையும்பொழுது, முதலில் நிற்பது அந்த வேன்தான். வேன் நின்றால் பிள்ளை நிற்கிறது. பிள்ளைகள் நின்றால் பள்ளி எத்தனை காலம் நிற்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, பள்ளிக்கு நிதி திரட்ட ஓர் ஓட்டப் போட்டியும் விருந்தும் நடத்தும் முறையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டுள்ளோம். நகரங்களில் இதனை ‘ஜோகத்தான்’ என்பார்கள். நாம் மெதுவோட்டம் என்றே சொல்வோம்.

முதலில் செய்ய வேண்டியது, எதற்காகப் பணம் என்பதை ஒரே வரியில் எழுதி வைப்பதாகும். ‘பள்ளி வளர்ச்சிக்காக’ என்று எழுதுவது போதாது. அது எவர் காதிலும் தங்காத சொல். ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். தொலைவிலுள்ள டிவிஷனிலிருந்து 14 பிள்ளைகள் வேனில் வருகிறார்கள், ஒருவருக்கு மாதம் 60 வெள்ளி, பத்து மாதம். மொத்தம் 8,400 வெள்ளி ஆகிறது. பாதியைப் பெற்றோர் ஏற்கிறார்கள் என்றால், திரட்ட வேண்டியது 4,200 வெள்ளி. இந்தத் தொகையைச் சொல்லிக் கேட்டால் கொடுப்பவர் தம் பங்கு எவ்வளவு என்று தாமே கணக்கிட்டுக்கொள்வார். 60 வெள்ளி கொடுப்பவர், ஒரு பிள்ளையை ஒரு மாதம் பள்ளிக்கு அனுப்பியவர் ஆகிறார்.

இனி, இந்த 4,200 வெள்ளியை எவரிடம் கேட்பது? பல செயலவைகள் இவ்விடத்தில்தான் இடறுகின்றன. பெற்றோரிடமே நுழைவுச் சீட்டை விற்று, பெற்றோரிடமே உணவுக் கூப்பனை விற்று, பெற்றோரிடமே நன்கொடைப் புத்தகத்தை நீட்டுகிறார்கள். வலக் கையிலிருந்து எடுத்து இடக் கையில் வைப்பதற்கு ஒரு நாள் கூத்து எதற்கு? லயத்தில் இருப்பவர் தரவேண்டியது உழைப்பு. பணம் வெளியிலிருந்து வரவேண்டும். எங்கிருந்து என்றால், இதே பள்ளியில் படித்து, கிள்ளான், சிரம்பான், பினாங்கு, ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று சென்று வாழ்கின்ற முன்னாள் மாணவர்களிடமிருந்து. அவர்களில் பலர் தாம் பிறந்த லயத்தை மறுபடியும் காண ஒரு காரணம் தேடிக்கொண்டிருப்பவர்கள். அந்தக் காரணத்தை ஓட்டம் அவர்களுக்குக் கொடுக்கும்.

எனவே, ஓடுபாதையை வகுக்கும்பொழுது இதனை மனத்தில் வைத்தல் வேண்டும். பள்ளித் திடலில் தொடங்கி, கோயிலைக் கடந்து, பழைய பால் கொட்டாய், ஆலமரம், பிரட்டுக் களம் ஆகியவற்றின் வழியாகச் செம்மண் சாலையில் சுற்றி, மீண்டும் திடலை அடைவதாகப் பாதை அமையட்டும். பெரியவர்களுக்கு 4 கிலோமீட்டர் போதும். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு 1 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளின் அளவுமானியைக் கொண்டு அளந்துகொள்ளலாம். பாதை பெருஞ்சாலையைத் தொடக்கூடாது. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் அன்று காலை அவ்வழி வராதிருக்க நிர்வாகத்துடன் முன்கூட்டியே பேசி எழுத்தில் பெறவேண்டும். ஓட இயலாத தாத்தா பாட்டியர் நடக்கலாம். நடப்பவருக்கும் எண் துணி கொடுங்கள். அந்த எண்ணைச் சட்டையில் குத்திக்கொள்வதில் அவர்களுக்கு இருக்கும் மகிழ்ச்சி பரிசு பெறுபவருக்குக்கூட இராது.

நாளைக் குறிப்பதில் அவசரம் ஆகாது. வாராந்தர ஓய்வு நாளாக இருத்தல் வேண்டும். சம்பளம், மாதம் முடிந்து ஏழு நாள்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் விதி. ஆகவே, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பொருத்தமானது. மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில் பால் குறைவு, கையில் காசும் குறைவு. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் எல்லார் மனமும் வேறிடத்தில் இருக்கும். நோன்பு மாதத்தில் வைத்தால் மலாய் அண்டை வீட்டார் விருந்தில் கலந்துகொள்ள இயலாது. கிழக்குக் கரை மாநிலங்களில் இருப்பவர்கள் ஆண்டிறுதி அடைமழையையும் தவிர்க்க வேண்டும். காலை ஏழரை மணிக்கு ஓட்டம் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்.

அனுமதிகளில் அலட்சியம் கூடாது. பள்ளியின் பெயரில் பணம் திரட்டுவதால், தலைமையாசிரியரின் வழியாக மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு எழுதி இசைவு பெறுதல் முறை. வீடு வீடாகவும் தெருவிலும் நன்கொடை திரட்டுவது 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுக்கு உட்பட்டது. அதற்குப் போலீஸாரின் உரிமம் தேவை. பணம் பெற்றுக்கொண்டு அதிர்ஷ்டக் குலுக்கல் நடத்துவது 1952ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்தைத் தொடும் காரியம். சைக்கிள் ஒன்றைக் காட்டிச் சீட்டு விற்கலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால், அன்புடன் மறுத்துவிடுங்கள். பிள்ளைகளிடம் மெதுவோட்ட அட்டையைக் கொடுத்துத் தனியே வீடு வீடாக அனுப்புவதையும் நாம் ஒப்பவில்லை. அட்டையுடன் பெற்றோரோ ஆசிரியரோ செல்லட்டும்.

செலவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டம் என்றவுடன் செயலவையின் முதல் பேச்சு பனியனைப் பற்றியதாகவே இருக்கும். 150 பேர் ஆளுக்கு 20 வெள்ளி கட்டினால் 3,000 வெள்ளி வரும். பனியன் ஒன்று 15 வெள்ளி என்றால் 2,250 போயிற்று. பதக்கம் ஒன்று 4 வெள்ளி என்றால் மேலும் 600. மீதம் 150 வெள்ளி! இரண்டரைப் பிள்ளைகளுக்கு ஒரு மாத வேன். அதே 150 பேரிடம் பத்து வெள்ளி மட்டும் பெற்று, பனியனையும் பதக்கத்தையும் விட்டுவிட்டு, எண் துணிக்கும் தண்ணீருக்கும் வெற்றியாளர் பரிசுக்கும் 300 வெள்ளி செலவிட்டால் 1,200 வெள்ளி நிற்கும். பனியன் இல்லாவிட்டால் களை கட்டாது என்பவர்களுக்கு ஒரு சொல்: களை கட்டுவது துணியால் அன்று. காண்டா வாளிப் பந்தயம் ஒன்று வைத்துப் பாருங்கள். தோளில் காண்டாவும் இருபுறமும் தண்ணீர் நிறைந்த வாளிகளும் தாங்கி, நூறு மீட்டர் விரைந்து செல்ல வேண்டும். முதலில் வருபவர் அல்ல, வாளியில் தண்ணீர் மிகுதியாக வைத்திருப்பவரே வெற்றியாளர். இருபது ஆண்டுகள் மரம் வெட்டிய அக்காள் ஒருவர், பட்டணத்திலிருந்து வந்த இளைஞரை எளிதாக வென்றுவிடுவார். அந்தக் காட்சிக்குச் செலவு ஒன்றுமில்லை.

விருந்து நண்பகலுக்கு முன் தொடங்கட்டும். சைவ உணவாக இருந்தால் எல்லா இனத்தவரும் ஒரே பந்தியில் அமரலாம். மாதர் குழுவினர் இட்லி, வடை, சம்பார் சாதம், மீகூன் என்று பிரித்துக்கொண்டு சமைக்கலாம். அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை மளிகைக் கடைக்காரரிடம் நன்கொடையாகக் கேட்பதில் வெட்கம் வேண்டா. கூப்பன் எட்டு வெள்ளி என 240 விற்றால் 1,920. வாங்கிய பொருள்களுக்கு 720 கழித்தால் 1,200 வெள்ளி நிற்கும். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். தேங்காய்ச் சட்னியைக் கடைசியில் அரைப்பதே நன்று. வேனில் வரும் அந்த 14 பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும் கூப்பன் வாங்கியே உண்ண வேண்டும் என்று எவரும் சொல்லலாகாது.

இதுவரை 2,400 வெள்ளி. மீதமுள்ள 1,800 வெள்ளிக்கு முன்னாள் மாணவர் முப்பது பேர், ஆளுக்கு ஒரு மாத வேன் கட்டணம் தந்தால் போதும். அவர்களைத் தேடுவது எப்படி? பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் பார்க்கட்டும்; பெயர்களை லயத்துப் பெரியவர்களிடம் அவர் வாசித்துக் காட்டட்டும். ‘அவனா, காஜாங்கில் பட்டறை வைத்திருக்கிறான்’, ‘அந்தப் பெண் தைப்பிங்கில் தாதி’ என்று அரை மணி நேரத்தில் பாதிப் பட்டியல் கிடைத்துவிடும். இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. என்றாலும், பொதுவான ஒரு செய்தியை நூறு பேருக்கு அனுப்புவதைவிட, அவரோடு படித்தவர் ஒருவர் நேரில் அழைத்துப் பேசுவதே பலன் தரும். ஓட்டத்துக்கு எட்டு வாரம் இருக்கும்பொழுதே இவ்வேலை தொடங்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி: கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், ஒவ்வொரு வளைவிலும் ஓர் இளைஞர், கடைசியாக வருபவரின் பின்னே ஒரு மோட்டார் சைக்கிள். தோட்டத்து டிரசர் இருந்தால் அவரையும், இல்லையெனில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அல்லது செம்பிறைச் சங்கத்தினரையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இருதய நோய், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே ஓட வேண்டும். வெயிலில் ஒருவர் தடுமாறினாலோ பேச்சுக் குழறினாலோ, உடனே நிழலில் கிடத்தி, உடலில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999ஐ அழைக்க வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் புகட்டக்கூடாது.

பணம் எண்ணும் வேலையை இருவர் செய்யவேண்டும். அவ்விருவரும் ஒரே குடும்பத்தினராய் இருத்தல் ஆகாது. ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது உண்டு. தொகை மறுநாளே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வங்கிக் கணக்கில் சேரவேண்டும். யாருடைய வீட்டு அலமாரியிலும் ஓரிரவுக்கு மேல் தங்கலாகாது. நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் முதலாண்டு மெதுவோட்டம் சிறப்பாகவே நடந்தது. கூட்டமும் நல்ல கூட்டம். கணக்கு மட்டும் ஒட்டப்படவில்லை. எவரும் ஒரு காசும் எடுக்கவில்லை என்றே நாம் நம்புகிறோம். ஆயினும், மறு ஆண்டு அழைத்தபொழுது வந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. ஆகவே, வரவு, செலவு, மீதம் மூன்றும் ஒரே தாளில், தமிழிலும் மலாயிலும் எழுதப்பட்டு, ஏழு நாள்களுக்குள் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் கோயில் வாசலிலும் ஒட்டப்படட்டும். அரிசி தந்த கடைக்காரர், பந்தல் போட்டவர்கள் ஆகியோரின் பெயர்களும் அத்தாளில் இருக்கட்டும். வெளியூர் அன்பர்களுக்கு ஒரு படி அனுப்பிவைப்பது முறை.

வேன் உரிமையாளருக்கு மாதந்தோறும் கட்டணம் கொடுக்கும்பொழுது, அவர் கையொப்பமிட்ட ரசீதைப் பொருளாளர் அதே பலகையில் குத்திவைக்கலாம். எண் துணிகளைத் துவைத்து மடித்துப் பள்ளிப் பொருளறையில் வையுங்கள். முன்னாள் மாணவர்களின் முகவரிப் பட்டியலைப் படியெடுத்து ஒன்றைத் தலைமையாசிரியரிடமும் மற்றொன்றைச் சங்கச் செயலாளரிடமும் ஒப்படைத்துவிட்டால், அடுத்த ஆண்டு செயலவை மாறினாலும் தேடும் வேலை புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.