ஒரு கிலோ எண்ணெய்க்கு 4 சென்: வெப்ப வாயுவைக் குறைப்பது நமக்குக் கட்டுப்படியாகுமா?

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜொகூர் பாருவுக்குப் போகிறவர்களுக்கு யோங் பெங் ஒரு சாப்பாட்டு நிறுத்தம். வண்டி நிற்கும், தேநீர் குடிப்போம், கிளம்பிவிடுவோம். நகரத்தைத் தாண்டினால் சாலையின் இரு பக்கமும் செம்பனை. இந்த வட்டாரத்தில் எங்காவது ஓர் எண்ணெய் ஆலையைக் கடக்கும்போது காரின் கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். புளித்ததும் அழுகியதுமான ஒரு வாடை மூக்கில் ஏறும். இன்றைய பாடம் அந்த வாடையிலிருந்துதான் தொடங்குகிறது.

பசுமை இல்ல வாயுக்களைக் குறைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், 'நல்லதுதான், பணத்துக்கு எங்கே போவது?' என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. எந்த வாயு, எங்கிருந்து வருகிறது, யாருடைய பணம் என்று பிரித்துக் கேட்டால் கணக்குப் போட முடியும். ஓர் ஆலையின் கழிவுநீர்க் குட்டையை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பென்சிலும் காகிதமும் போதும்.

குட்டைக்குள் என்ன நடக்கிறது?

தோட்டத்திலிருந்து வரும் பழக்குலைகளை ஆலையில் முதலில் நீராவியில் வேகவைப்பார்கள். பிறகு பழத்தை உதிர்த்துப் பிழிந்து, நீர் சேர்த்து எண்ணெயைப் பிரிப்பார்கள். ஒரு டன் குலைக்குச் சுமார் 200 கிலோ எண்ணெய் கிடைக்கும். அதோடு சுமார் 650 லிட்டர் கழிவுநீரும் வரும். அதில் நஞ்சு எதுவும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு, நார்த்துகள், சர்க்கரை போன்றவைதான் இருக்கும். ஆனாலும் அதை அப்படியே ஆற்றில் விட முடியாது. அதை உண்ண வரும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனை எல்லாம் தீர்த்துவிடும், மீன்கள் மூச்சுத்திணறிச் சாகும். 1977-ஆம் ஆண்டிலேயே இதற்கென விதிமுறைகள் வந்தன. ஆலைகள் ஆழமான குட்டைகளை வெட்டி, கழிவுநீரை வாரக்கணக்கில் தேக்கிவைக்கத் தொடங்கின.

ஆறுகள் பிழைத்தன, தொல்லை காற்றுக்கு மாறியது. குட்டையின் அடியில் ஆக்சிஜன் எட்டாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று வாயுவை வெளிவிடுகின்றன. அந்த உயிரிவாயுவில் சுமார் 60 விழுக்காடு மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு. உங்கள் மூக்கில் ஏறிய அழுகிய முட்டை வாடை அந்தக் கடைசி வாயுவினுடையது. மீத்தேனுக்கு வாடை கிடையாது, நிறமும் கிடையாது. ஆபத்து அதில்தான் இருக்கிறது.

நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் சுமார் 28 டன் கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் இது 80 மடங்குக்கும் மேல். 'செம்பனை மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன்தானே திரும்பிப் போகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது கரியமில வாயுவாக உள்ளே போய் மீத்தேனாக வெளியே வருகிறது. அதே மீத்தேனைப் பிடித்து எரித்தால் மீண்டும் கரியமில வாயுவாகிவிடும், மரம் எடுத்த கணக்கு நேராகிவிடும். எரிக்கும்போது கிடைக்கும் வெப்பம் நமக்கு மிச்சம்.

ஒரு ஆலையின் வாயுக் கணக்கு

ஆண்டுக்கு 3 லட்சம் டன் குலை அரைக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 டன் திறனுள்ள ஆலைக்கு இது இயல்பான அளவு.

கழிவுநீர்: 3 லட்சம் × 0.65 = சுமார் 1 லட்சத்து 95 ஆயிரம் கன மீட்டர்.

ஒரு கன மீட்டர் கழிவுநீருக்குச் சுமார் 28 கன மீட்டர் உயிரிவாயு. ஆக 55 லட்சம் கன மீட்டர் வாயு. அதில் 60 விழுக்காடு, அதாவது 33 லட்சம் கன மீட்டர் மீத்தேன்.

ஒரு கன மீட்டர் மீத்தேனின் எடை சுமார் 0.67 கிலோ. ஆக 2,200 டன் மீத்தேன். 28-ஆல் பெருக்கினால் சுமார் 61,000 டன் கரியமில வாயுவுக்குச் சமம். கசிவு, இயந்திரம் பழுதாகும் நாட்கள் எல்லாம் போக 50,000 டன்னைத் தடுக்க முடியும் என்று கொள்வோம்.

இது எவ்வளவு பெரியது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மாதம் 100 லிட்டர் போடும் கார் ஆண்டுக்கு 2.8 டன் வெளிவிடும். ஆக, ஒரே குட்டையை மூடினால் சுமார் 18,000 கார்களைச் சாலையிலிருந்து எடுத்ததற்குச் சமம்.

இனி பணக் கணக்கு

குட்டையின் மேல் காற்றுப்புகா விரிப்பைப் போர்த்தியோ, மூடிய தொட்டி கட்டியோ வாயுவைப் பிடிக்கலாம். வாயுவைச் சுத்தம் செய்து எந்திரத்தில் எரித்து மின்சாரம் எடுக்கலாம். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஜொகூரின் கோத்தா திங்கியில் கிம் லூங் நிறுவனத்தின் ஆலை, ஐக்கிய நாடுகளின் தூய்மை மேம்பாட்டுத் திட்டத்தின் கீழேயே மீத்தேனைப் பிடித்துப் பயன்படுத்தியது.

நம் கணக்குக்காக, நிலையம் கட்ட 1 கோடியே 50 லட்சம் ரிங்கிட் ஆகும் என்றும், ஆண்டுப் பராமரிப்பு 10 லட்சம் ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம். இடத்துக்கு இடம் இது மாறும். வங்கியில் 6 விழுக்காடு வட்டிக்கு 15 ஆண்டுக் கடன் என்றால் ஆண்டுத் தவணை 15 லட்சத்து 40 ஆயிரம். மொத்தச் செலவு ஆண்டுக்கு 25 லட்சத்து 40 ஆயிரம் ரிங்கிட்.

அதை 50,000 டன்னால் வகுத்தால் ஒரு டன்னுக்குச் சுமார் 51 ரிங்கிட். மின்சாரத்தை விற்காமல் வாயுவைச் சும்மா எரித்தாலும்கூட இதற்கு மேல் ஆகாது. ஒப்பிட்டுப் பாருங்கள்: ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர், 2024-இல் ஒரு டன்னுக்கு 25 சிங்கப்பூர் வெள்ளி கார்பன் வரி வாங்கியது. அன்றைய ரிங்கிட்டில் அது 80-க்கும் மேல்.

இப்போது வரவு. 30 லட்சம் கன மீட்டர் மீத்தேன் எந்திரத்துக்குப் போனால், கன மீட்டருக்கு 10 யூனிட் வீதம் 3 கோடி யூனிட் வெப்பம். எந்திரம் அதில் 38 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக்கும். சொந்தத் தேவையும் பழுதுநாட்களும் போக விற்க 1 கோடி யூனிட் மிஞ்சும். 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விலை அட்டவணையில், 4 மெகாவாட் வரையிலான உயிரிவாயு நிலையத்துக்கு அடிப்படை விலை யூனிட்டுக்கு 32 சென். வருமானம் 32 லட்சம் ரிங்கிட். செலவு போக ஆறரை லட்சம் லாபம்!

அப்படியானால் ஏன் எல்லாரும் செய்யவில்லை?

மலேசியாவில் சுமார் 450 செம்பனை எண்ணெய் ஆலைகள் உண்டு. 2020-க்குள் எல்லா ஆலைகளிலும் உயிரிவாயு நிலையம் என்பது இலக்கு. 2014 முதல் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கு விண்ணப்பிக்கும் ஆலைகளுக்கும் இது கட்டாயம். ஆனாலும் 2020 வாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஆலைகளே வாயுவைப் பிடித்தன.

காரணம் சோம்பேறித்தனம் மட்டுமல்ல. ஆலைகள் தங்களுக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்தே எடுத்துக்கொள்கின்றன. கூடுதல் மின்சாரம் அவற்றுக்குத் தேவையில்லை, வெளியேதான் விற்க வேண்டும். ஆலையோ தோட்டத்தின் நடுவில், மின்கட்டமைப்பிலிருந்து தொலைவில். கம்பி இழுக்க இன்னொரு 50 லட்சம் ஆகி, வங்கியும் 10 விழுக்காடு வட்டி கேட்டால்? ஆண்டுச் செலவு 36 லட்சத்தைத் தாண்டும். லாபம் 4 லட்சத்துச் சொச்சம் நட்டமாக மாறிவிடும். வாயு அதே வாயு, எந்திரம் அதே எந்திரம். மாறியது வட்டியும் கம்பியின் நீளமும்தான்.

அந்த நட்டத்தையும் டன்னால் வகுத்துப் பாருங்கள். ஒரு டன்னுக்கு 9 ரிங்கிட்கூட இல்லை. ஆலை முதலாளியின் பேரேட்டில் அது நட்டம், நாட்டின் கணக்கில் அது மிக மலிவான மருந்து. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைப்பதுதான் அரசின் வேலை.

யாருக்குக் கட்டுப்படியாகும்?

நம் ஆலை ஆண்டுக்கு 60,000 டன் எண்ணெய் எடுக்கிறது. மின்சார வருமானமே இல்லை என்று வைத்து, முழுச் செலவையும் எண்ணெய் விலையில் ஏற்றினால் கிலோவுக்கு 4 சென். கடையில் 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கும் மானிய விலைப் பாக்கெட்டோடு ஒப்பிட்டால் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. நம் அடுப்படி இதைத் தாங்கும்.

ஆனால் ஆலை அதே செலவைக் குலை வாங்கும் விலையில் கழித்தால், டன்னுக்கு எட்டரை ரிங்கிட். 2 ஹெக்டர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் ஆண்டுக்கு 36 டன் வெட்டினால் 300 ரிங்கிட்டுக்கு மேல் இழப்பார். உரம் வாங்கவே திணறுகிறவருக்கு அது சின்னத் தொகை அல்ல. ஆகவே 'நாட்டுக்குக் கட்டுப்படியாகுமா?' என்பதும் 'இவருக்குக் கட்டுப்படியாகுமா?' என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்டு இரண்டாவதை மறந்தால், நல்ல திட்டமும் ஏழையின் தலையில்தான் விழும்.

எல்லாமே மலிவு இல்லை

குட்டை வாயு ஒரு தாழ்ந்த கிளைப் பழம். சதுப்புக் கரிமண் நிலம் அப்படியல்ல. அதன் நீரை வடித்துச் செம்பனை நட்டால், காற்றுப் பட்ட மண் மட்கி ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டன் கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்பது ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2013 மதிப்பீடு. நிறுத்த வேண்டுமானால் நிலத்தடி நீரை மேலே ஏற்ற வேண்டும், விளைச்சலும் பிழைப்பும் அடிபடும். விமானமும் சிமெண்டும் இன்னும் கடினம்.

உலகக் கணக்கும் இதே படிக்கட்டு வடிவம்தான். டன்னுக்கு 100 டாலருக்குள் ஆகும் வழிகளாலேயே 2030-இல் உமிழ்வை 2019 அளவில் பாதியாகக் குறைத்திருக்க முடியும் என்று 2022-இல் அதே குழு சொன்னது. அவற்றில் குறைந்தது பாதி, 20 டாலருக்கும் குறைவானவை. கீழ்ப்படிகளில் ஏறுவதற்கு மேல்படி உயரமாக இருப்பது ஒரு சாக்கு ஆகாது.

சும்மா இருப்பதற்கும் விலை உண்டு

2023 மார்ச்சில் யோங் பெங் நீரில் மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஜொகூரில் 40,000-க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்கினார்கள். 2021-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய வெள்ளத்தில் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணித்தது. வாயுவைப் பிடிக்காத சுமார் 300 ஆலைகளுக்கும் தலா ஒன்றரைக் கோடி செலவிட்டாலும் 450 கோடிதான் ஆகும்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடாது. குட்டைகளை மூடிவிட்டால் பெக்கோக் ஆறு கரை புரளாது என்று யாரும் உறுதி தர முடியாது. பருவமழை என்றும் உண்டு, வடிகாலும் நில அமைப்பும் காரணங்களே. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும், பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகளே நிலைக்கிறது. இன்று குறைத்தால் பலனை நம் பிள்ளைகள் வளர்வதற்குள்ளேயே பார்க்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

1. வீட்டு மின்சார பில்லை எடுங்கள். அதில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கான வரியைத் தேடுங்கள். 2014 முதல் அதன் விகிதம் 1.6 விழுக்காடு. யூனிட்டுக்கு 32 சென் கொடுக்கும் பணம் இந்த நிதியிலிருந்துதான் வந்தது. குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீடுகளுக்குத் தொடக்கத்திலிருந்தே விலக்கு உண்டு. 150 ரிங்கிட் கட்டணத்துக்கு நீங்கள் கொடுப்பது 2 ரிங்கிட் 40 சென்.

2. நம் ஆலையில் பாதி அளவுள்ள சிறிய ஆலை ஒன்று. நிலையம் கட்ட 1 கோடி, ஆண்டுப் பராமரிப்பு 7 லட்சம், 6 விழுக்காடு வட்டியில் தவணை 10 லட்சத்து 30 ஆயிரம். லாபமா, நட்டமா? ஒரு டன் வாயுவைத் தடுக்க எவ்வளவு ஆகும்?

விடை: செலவு 17 லட்சத்து 30 ஆயிரம், மின்சார வருமானம் 16 லட்சம். நட்டம் 1 லட்சத்து 30 ஆயிரம். தடுப்பது 25,000 டன். டன்னுக்கு 5 ரிங்கிட் 20 சென்.