பாட்டா, கூட்டமா? மேடைப் பாடகர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேரும் பாடகருக்குச் சீனியர்கள் இரண்டு அறிவுரை சொல்வார்கள். "நல்ல பாட்டாப் போடு, கூட்டம் தானா உக்காரும்" என்பார் ஒருவர். "கூட்டம் ஏறிட்டா எந்தப் பாட்டும் ஓடும்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மேடையைப் பிழைப்பாக எடுத்துக்கொள்கிறவர் முதலில் எதில் உழைப்பது?

பாட்டுத் தேர்வில்தான். அன்றைக்கு எப்படிப்பட்ட கூட்டம் வரும் என்பது உங்கள் கையில் இல்லை, பட்டியல் இருக்கிறது. ஆனால் பிடித்த இருபது பாட்டை வரிசையாக எழுதிக்கொண்டால் அது பட்டியல் ஆகாது. எந்தப் பாட்டு, எத்தனையாவதாக, எந்தச் சுருதியில், யார் குரலில், எடுபடாவிட்டால் பதிலுக்கு எது என்பதெல்லாம் முடிவானால்தான் பட்டியல். கூட்டத்தின் உற்சாகம் பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் பலன்.

முதலில் இடத்தைக் கேளுங்கள்

கச்சேரி புக் ஆனதும் "எத்தனை பாட்டு?" என்று கேட்பதற்கு முன்னால் "என்ன நிகழ்ச்சி?" என்று கேளுங்கள்.

கோயில் திருவிழா: மூன்று தலைமுறையும் ஒரே மைதானத்தில் உட்கார்ந்திருக்கும். பிள்ளையார் பாட்டில் தொடங்கி, யாருக்குத் திருவிழாவோ அந்தச் சாமிக்கு அடுத்த பாட்டு. ஆடி மாதத்து அம்மன் கோயிலுக்கு எல்.ஆர். ஈஸ்வரி பாடிய பாட்டு ஒன்றாவது தயாராக இல்லாமல் போகாதீர்கள். முருகன் கோயில் என்றால் டி.எம். சௌந்தரராஜன், தர்கா விழா என்றால் நாகூர் ஹனிபா. இது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஊர்ப் பெரியவர்கள் "நம்ம ஆளுங்கதான்" என்று மனம் இளகுவது இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

கல்யாண வரவேற்பு: விருந்தாளிகள் பாதிப் பேர் மொய்க்கவரோடு மேடை வரிசையில் நிற்பார்கள், மீதிப் பேர் பந்திக்கு இடம் பார்ப்பார்கள். இங்கே கைதட்டலை எதிர்பார்த்துக் கத்தினால், பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியவில்லை என்று திட்டுதான் கிடைக்கும். மெலடியும் டூயட்டும் போதும், ஒலியைக் குறைத்து வையுங்கள். கடைசி அரைமணியில் மாப்பிள்ளையின் நண்பர்கள் முன்னால் வந்து நின்றால் அப்போது குத்துப் பாட்டை எடுங்கள்.

டிக்கெட் கச்சேரி: இங்கே விளம்பரம்தான் வாக்குறுதி. 2017 ஜூலையில் லண்டன் வெம்பிளியில் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி நடந்தபோது, தமிழ்ப் பாட்டு அதிகமாகிவிட்டது என்று இந்தி ரசிகர்கள் சிலர் பாதியில் எழுந்து போனார்கள். டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. நிகழ்ச்சியின் பெயரே 'நேற்று இன்று நாளை' என்று தமிழில்தானே இருந்தது என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். அங்கே பாட்டிலும் குறை இல்லை, பாடியவர்களிடமும் குறை இல்லை. வந்தவர்கள் மனத்தில் இருந்த பட்டியல் வேறு, மேடையில் இருந்த பட்டியல் வேறு. இரண்டு மொழிக்காரர்கள் வருகிற இடத்தில் எது அதிகம் என்பதைப் போஸ்டரிலேயே போடச் சொல்லுங்கள். ஒரே மொழியில் மூன்று பாட்டைத் தொடர்ந்து பாடாதீர்கள்.

வரிசை: சபாவிடம் கற்க வேண்டியது

மெல்லிசைக்காரர்கள் கர்நாடகக் கச்சேரியின் வரிசையை ஒருமுறையாவது கவனித்துப் பார்க்க வேண்டும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தியதாகச் சொல்லப்படும் அந்தப் பத்ததி வர்ணத்தில் தொடங்கும். பாடுகிறவரின் தொண்டை திறக்கவும், வயலினும் மிருதங்கமும் ஒத்துவரவும், தாமதமாக வருகிறவர்கள் நாற்காலி தேடவும் அது நேரம் கொடுக்கிறது. அடுத்து விறுவிறுப்பான சின்னக் கீர்த்தனைகள். காது பழகிய பிறகுதான் பிரதான உருப்படி. அதையடுத்துத் தனி ஆவர்த்தனம். சிலர் கேன்டீனுக்கு எழுந்து போவதும் அப்போதுதான். பிறகு இறுக்கம் தளர்த்தும் துக்கடாக்கள், மங்களம்.

கூட்டம் எப்போது புதிதாக இருக்கும், எப்போது சோரும், எப்போது வீட்டை நினைக்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய வரிசை இது. டி.எம். கிருஷ்ணா போன்றவர்கள் அதை மாற்றிப் பாடும்போதும், மாற்றுவது இன்னது என்று தெரிந்தே மாற்றுகிறார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும்.

பட்டியல் போடும் முறை

இரவு 7.30 முதல் 10 வரை என்றால் 150 நிமிடம். பாட்டுக்கு ஐந்து நிமிடம், தொகுப்பாளர் பேச்சுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் 25 பாட்டு. ஒத்திகை பார்க்க வேண்டியது 35. மிச்சம் பத்தும் மாற்று ஆட்டக்காரர்கள்.

1. பெரிய ஹிட்டை முதல் பாட்டாகப் போடாதீர்கள். ஒலி சரியாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது வீணாகும். ஆனால் சாமி பாட்டு முடிந்ததும் வருவது எல்லோருக்கும் தெரிந்த பாட்டாக இருக்கட்டும்.

2. ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரில் சுருதியை எழுதுங்கள். ஒரு கட்டையில் பாடும் ஆணும் ஐந்து கட்டையில் பாடும் பெண்ணும் டூயட் பாடினால் ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அதை மேடையில் பேசித் தீர்க்க முடியாது. ஒரிஜினல் சுருதியில்தான் பாடுவேன் என்று பிடிவாதம் வேண்டாம். அரைக் கட்டை இறக்கினால் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. உச்சத்தில் குரல் உடைந்தால் ஊருக்கே தெரியும்.

3. ஒரே சுருதியில் வரும் இரண்டு பாட்டை அடுத்தடுத்து வைத்தால், கீபோர்டுக்காரர் இடைவெளி விடாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் "செக்... செக்..." என்று மைக்கைத் தட்டும் நேரத்தில்தான் கூட்டம் எழுந்து போகிறது.

4. இரண்டு உச்சஸ்தாயிப் பாட்டு பாடியவருக்கு மூன்றாவது பாட்டில் ஓய்வு கொடுங்கள். ஒன்பது மணிக்கும் அவர் குரல் வேண்டும்.

5. பட்டியலைப் பின்னாலிருந்து போடுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களில் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அது ஆண்டுக்கு 15 நாளைத் தாண்டக் கூடாது. அந்தத் தளர்வை நம்பிப் பட்டியல் போடாதீர்கள். கடைசி ஐந்து பாட்டை 9.30க்குத் தொடங்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு, அதிலிருந்து முன்னோக்கிப் போங்கள்.

6. நடுவில் பொன்னாடையும் நன்றியுரையும் இருபது நிமிடத்தை விழுங்கும். அப்போது எந்த மூன்று பாட்டை வெட்டுவது என்பதையும் முன்கூட்டியே குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பாட்டுதான் வெட்டுப்படும்.

கூட்டத்தைப் படியுங்கள்

மேடையில் ஏறியதும் புதியவர்கள் முன்வரிசையைப் பார்த்துப் பயப்படுவார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் விழாக் கமிட்டியும் நன்கொடை கொடுத்தவர்களும். எந்தப் பாட்டுக்கும் அவர்கள் முகத்தில் அசைவு இருக்காது. அதே போல ஓரத்தில் நின்று விசில் அடிக்கும் பத்துப் பேரும் கூட்டம் ஆகமாட்டார்கள். எதைப் பாடினாலும் விசில் வரும்.

பார்க்க வேண்டியது நடு வரிசையை. குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்களும் வயதானவர்களும்தான் உங்கள் மீட்டர். வாய் கூடவே முணுமுணுத்தால் பாட்டு பிடித்திருக்கிறது. போனைத் தூக்கிப் படம் பிடிப்பது நல்ல அறிகுறி. போனைக் குனிந்து பார்ப்பது கெட்ட அறிகுறி. மடியில் தூங்கும் குழந்தையைத் தோளில் தூக்கிப் போடுகிறார்கள் என்றால் இன்னும் இரண்டு பாட்டில் கிளம்பிவிடுவார்கள்.

தொய்வு தெரிந்தால் "கைதட்டுங்க, கைதட்டுங்க" என்று கெஞ்சாதீர்கள். தொடர்ந்து இரண்டு மெலடி போயிருந்தால் மூன்றாவதைத் தூக்கிவிட்டு எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்றை வையுங்கள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் தெரிந்தது அது. தொடர்ந்து குத்துப் பாட்டு போய்ச் சோர்ந்திருந்தால் எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு, ஒரு பல்லவியை வெறும் தபேலாவோடு பாடுங்கள். சத்தம் குறைந்தால் பேசிக்கொண்டிருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த மாற்றம் யார் சைகையில் நடக்கும் என்பதையும் ஒத்திகையிலேயே முடிவுசெய்யுங்கள். பாடகர் ஒரு பாட்டைச் சொல்ல, பேட் வாசிப்பவர் இன்னொன்றின் தாளத்தைத் தொடங்கினால் மானம் போகும். பட்டியலில் எண் போட்டு, விரலால் காட்டுவது எளிய வழி.

சீட்டு வந்தால்

நேயர் விருப்பச் சீட்டைத் தொகுப்பாளர் கையில் மட்டும் வாங்கச் சொல்லுங்கள். ஒத்திகை பார்த்த பாட்டு என்றால், கேட்டவர் பெயரைச் சொல்லிப் பாடுங்கள். அரைகுறையாகத் தெரிந்தது என்றால் மெட்லியில் ஒரு பல்லவியோடு முடியுங்கள். தெரியாதது என்றால் "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். வரியை மறந்து விழிப்பதைவிட அது மேல்.

சாதிப் பெருமைப் பாட்டு, கட்சிப் பாட்டு கேட்டு வரும் சீட்டை மட்டும் எவ்வளவு வற்புறுத்தினாலும் தொடாதீர்கள். அந்தப் பாட்டுக்கு ஒரு பக்கம் உற்சாகம் ஏறும், இன்னொரு பக்கம் கல் பறக்கும். ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுமதி தரும் உத்தரவுகளில், சாதி, மதம், கட்சி சார்ந்த பாட்டும் ஆபாசமும் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். "அனுமதிக் கடிதத்தில் இடமில்லை அண்ணே" என்று சொன்னால் வாதம் முடிந்தது.

ஒரே கடையை நம்பாதீர்கள்

2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, அனுமதி இல்லாமல் தன் பாடல்களைப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. இனி அந்தப் பாடல்களைப் பாடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு, மற்ற இசையமைப்பாளர்களின் பாட்டோடு எஸ்.பி.பி. பயணத்தைத் தொடர்ந்தார். அவ்வளவு பெரிய கையிருப்பு அவரிடம் இருந்தது.

உங்கள் 35 பாட்டில் 25 ஒரே இசையமைப்பாளருடையதாக இருந்தால், ஒரு கடிதம் வந்தால் கச்சேரியே நின்றுவிடும். பொது நிகழ்ச்சிக்கான உரிமத்தை யார் எடுப்பது, கட்டணம் யார் கட்டுவது என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

பாட்டும் கூட்டமும் போதாத நாள்

2023 செப்டம்பரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி நடந்தது. டிக்கெட் வாங்கிய பலரால் நெரிசலில் உள்ளேயே போக முடியவில்லை. எல்லோரும் விரும்பும் பாட்டும் இருந்தது, ஆசையோடு வந்த கூட்டமும் இருந்தது. நுழைவு ஏற்பாடு தவறியதும் இரண்டும் உதவவில்லை.

உங்கள் அளவுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சவுண்ட் செக்கை முடியுங்கள். மைதானத்தின் கடைசி வரிசை வரை நடந்துபோய்க் கேளுங்கள். மானிட்டரில் உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் நல்ல பாடகரும் சுருதி விலகுவார்.

மறுநாள் செய்ய வேண்டியது

கச்சேரி முடிந்த மறுநாள் காலை, பட்டியலை எடுத்து ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரில் நடந்ததை ஒரு வரி எழுதுங்கள். ஊர், தேதி, எத்தனை மணிக்கு எந்தப் பாட்டு, கூட்டம் என்ன செய்தது. சில மாதங்களில் அந்த நோட்டு உங்களுக்கென்று ஒரு பத்ததியைக் காட்டத் தொடங்கும். எந்தப் பாட்டு ஒன்பது மணிக்கு எடுபடுகிறது, எது எந்த ஊரிலும் எடுபடுவதில்லை என்பதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது.

அடுத்த ஆண்டு அதே கமிட்டிக்காரர் போன் செய்யும்போது, போன தடவை அவர்கள் ஊர்ப் பெண்கள் எந்தப் பாட்டுக்குச் சேர்ந்து பாடினார்கள், பையன்கள் எந்தப் பாட்டில் டீக்கடைப் பக்கம் நழுவினார்கள் என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். ரேட்டை அதற்குப் பிறகு பேசுங்கள்.