வலி நின்ற பல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கடைவாய்ப் பல் வலி தானாக நின்றுவிட்டது, இனி டாக்டர் வேண்டாம் என்று நீ போனில் சொன்னாயாம். எனக்கு அதில்தான் கவலை. ராத்திரியெல்லாம் தூங்கவிடாமல் குத்திய பல் சட்டென்று அடங்கினால், பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். கிருமி சாகவில்லை. வேர் வழியாக எலும்புக்குள் இறங்கி, ஒருநாள் கன்னத்தை வீங்க வைத்துவிடும்.

கிளினிக்கில் வேர் சிகிச்சைக்கும் கேப்புக்கும் சொன்ன தொகையில் மலைத்திருக்கிறாய், நியாயம்தான். பாலிசி எடுக்கவில்லையே என்று வருந்தாதே. நம் ஊர் பாலிசிகளில் விபத்தில் அடிபட்டால் ஒழியப் பல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஆனால் சம்பளச் சீட்டை எடுத்துப் பார். இ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் பிடித்திருந்தால் முதலில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காட்டு. மாதாமாதம் கட்டிவிட்டு அந்தப் பக்கமே போகாதவர்கள் பலர்.

இல்லையென்றால், சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953இல் தொடங்கியது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடு. "படிக்கிற பசங்க கையிலா பல்லைக் கொடுப்பது?" என்று உன் அம்மா முகம் சுளிப்பாள். அங்கே மாணவர் இஷ்டத்துக்குக் குடைய முடியாது. ஊசி போன்ற ஃபைலை வேருக்குள் விட்டு, எக்ஸ்ரே எடுத்து, நுனிவரை போயிருக்கிறதா என்று ஆசிரியரிடம் காட்ட வேண்டும். அவர் தலையசைத்த பிறகுதான் அடுத்த வேலை. பணத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நாலைந்து நடை ஆகலாம், இப்போதே லீவு சொல்லி வை. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. பிள்ளைகள் கற்றுக்கொள்ள நோயாளி வேண்டுமே.

பிடுங்கிவிட்டால் செலவு மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். ஞானப்பல் என்றால் சரி. இது மெல்லுகிற பல். எடுத்த இடத்தில் பக்கத்துப் பல் சாயும், பிறகு பல் கட்ட வேறு செலவு. வேர் சிகிச்சையோடும் நிறுத்தாதே, கேப் போடாத பல் முறுக்குக் கடித்தாலே பிளந்துவிடலாம். மெட்டல், செராமிக், சிர்கோனியா என்று கேப் விலை ஏறிக்கொண்டே போகும். கடைவாய்க்கு மெட்டலே போதும், யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

கேப்புக்கு எவ்வளவு என்று கேட்டு எழுது. உளுந்து விற்ற பணம் கையில் இருக்கிறது. நடுவில் வீக்கமோ காய்ச்சலோ வந்தால், விழுங்கச் சிரமமானால், லீவு எதையும் பார்க்காமல் அன்றைக்கே கிளம்பு. ராத்திரியானால் சென்ட்ரல் எதிரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போ.

அன்புடன்,
பெரியப்பா