பனி விழமுன் ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு

பள்ளிக்கூடத்து ஸ்கீ முகாமுக்குப் போய் வந்த பிள்ளை, "அடுத்த பெப்ரவரி நாங்கள் எல்லாரும் குடும்பமாகப் போவோம்" என்று கேட்கத் தொடங்கிவிட்டால் பெற்றோருக்குத் தப்ப வழியில்லை. சுவிசில் பிள்ளை வளர்க்கும் நம் தம்பி தங்கச்சிமார் பலர் இணையத்தில் வெள்ளை வெளேரென்ற படம் பார்த்துக் காசு கட்டிவிடுகிறார்கள். படத்தில் பனி எல்லாவற்றையும் மூடியிருக்கும். ஸ்கீ ஊரை ஊராகப் பார்க்க வேண்டுமென்றால் பனி இல்லாதபோது போங்கள்.

1. யூலையில் போகாதீர்கள். ஒக்டோபர் 20ஐ ஒட்டிப் போங்கள். இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன். டிசெம்பர் 21இல் சூரியன் வானில் மிகத் தாழ்ந்து போகிறது. அதற்கு இரண்டு மாதம் முந்தியும் இரண்டு மாதம் பிந்தியும் அது போகும் பாதை ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே ஒக்டோபர் 20இல் எந்த வீட்டு யன்னலில் வெயில் விழுகிறதோ, எந்தச் சரிவு நிழலில் கிடக்கிறதோ, பெப்ரவரி 20இலும் அப்படியே. மணிக்கூட்டை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்: ஒக்டோபர் 20இல் இன்னும் கோடை நேரம் நடக்கும். எல்லாம் கூட்டிக் கழித்தால், அன்று பின்னேரம் 4 மணிக்கு மலைக்குப் பின்னால் போகும் சூரியன் பெப்ரவரியில் 3.30க்கே போய்விடும். ஆறு வயதுப் பிள்ளை ஸ்கீ பழகுவதும் விடுவதும் கால்வாசி குளிரில்தான் தங்கியிருக்கிறது. வெயில் படாத பழகுசரிவில் பிள்ளை மூன்றாம் நாளே அழும். லவுட்டர்புருன்னன் போன்ற ஆழமான பள்ளத்தாக்கின் அடியில் நின்று பாருங்கள். பிறகு ரயிலேறி மேலே வெங்கன் போய்ப் பாருங்கள். நான் சொல்வது விளங்கும்.

அந்த நாட்களில் பாதி ஹொட்டேல்களும் பல லிப்டுகளும் பூட்டியிருக்கும். இலையுதிர்கால இடைவெளி அது. பரவாயில்லை, நீங்கள் அனுபவிக்கப் போகவில்லை, பார்க்கப் போகிறீர்கள்.

2. விளம்பரத்தில் மலையுச்சியின் உயரத்தைப் பெரிதாகப் போடுவார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. பிள்ளை பழகும் இடத்தின் உயரத்தைக் கேளுங்கள். கிரின்டெல்வால்ட் ஊர் 1,034 மீற்றரில் இருக்கிறது, வெங்கன் 1,274இல், பெட்மரால்ப் 1,950இல். இப்போதைய குளிர்காலங்களில் 1,500 மீற்றருக்குக் கீழே இயற்கைப் பனியை நம்ப முடியாது. ஊர் தாழ்வாக இருப்பதால் மட்டும் தள்ளிவிடவும் வேண்டாம். எங்கல்பெர்க் 1,015 மீற்றர்தான், ஆனால் கேபிள் காரில் 1,800 மீற்றரிலுள்ள ட்ரூப்சேக்கு ஏறினால் அங்கேயும் பழகுமிடம் உண்டு. தாழ்ந்த சரிவென்றால் புல்லுக்குள் தேடுங்கள்: ஓரத்தில் வரிசையாகத் தண்ணீர்க் குழாய் முனைகள் நின்றால் அங்கே பனி பீச்சும் இயந்திரம் வரும். மேலே செயற்கைக் குளம் இருந்தால் அந்த இயந்திரத்துக்குத் தண்ணீரும் இருக்கிறது.

3. தங்குமிடத்திலிருந்து லிப்ட் வரைக்கும் நடந்து பாருங்கள். சும்மா நடக்காதீர்கள். சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்து, முதுகில் ஒரு பாரத்தையும் போட்டுக்கொண்டு நடங்கள். "லிப்டுக்கு ஐந்து நிமிடம்" என்று எழுதியிருப்பது, கோடையில், கைவீசி நடக்கும் பெரிய ஆளுக்கு. ஸ்கீ சப்பாத்துப் போட்ட பிள்ளைக்கு அது இருபது நிமிடம், அதில் பத்து நிமிடம் உங்கள் தோளில். வழியில் படிக்கட்டு இருந்தால் கைபிடி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கீ பஸ் குளிர்காலத்தில் மட்டும் ஓடும். எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

4. பழகுசரிவு அப்போது மாடு மேயும் புல்வெளியாகத்தான் இருக்கும். பிள்ளைகளை மேலே கொண்டுபோகும் உருள்பட்டியைக் கழற்றி வைத்திருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது சரிவின் அடி. சறுக்கி வரும் பிள்ளை தானாகவே நின்றுவிடும்படி அங்கே தட்டையான நிலம் இருக்கிறதா, அல்லது ஓடையோ தெருவோ வேலியோ வருகிறதா? அடுத்தது, வரைபடத்தில் நீல நிறம் போட்ட பாதை ஒன்றை மேலிருந்து கீழே நடந்து இறங்குங்கள். சுவிசில் நீலம் லேசு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்சில்போல அதற்கும் கீழே பச்சை கிடையாது. ஆகையால் நீலத்துக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. ஒரு பக்கம் பள்ளம் விழுகிற ஒடுங்கிய பாதை நடுவில் வந்தால், அந்த இடத்தில்தான் அம்மா பயந்து உட்காருவா.

5. கார் போகாத ஊர் பிள்ளைகளுக்கு நல்லது, பெட்டிகளுக்குக் கெட்டது. சேர்மாட்டுக்கு டெஷ்ஷில் காரை விட்டுவிட்டுக் கடைசி 5 கிலோமீற்றரை ரயிலில் போக வேண்டும். பெட்மரால்புக்குக் கேபிள் கார், வெங்கனுக்கு ரயில். எத்தனை தரம் ஏறி இறங்குகிறீர்கள் என்று எண்ணுங்கள். அதையே பெட்டி எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒரே பாதையுள்ள ஊர் அடைபட்டும் போகலாம். 2018 ஜனவரியில் கடும் பனியால் தெருவும் ரயிலும் மூடி, சேர்மாட்டில் ஏறத்தாழ 13,000 பேர் வெளியே வரமுடியாமல் நின்றார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள் இதை யோசியுங்கள்.

6. வாடகை வீடென்றால் குசினிக்குள் போய்ப் பாருங்கள். புகை இழுக்கும் விசிறி வேலை செய்கிறதா? மிளகாய் பொரிக்கிறபோது புகை எச்சரிக்கை மணி கூவினால் விடுமுறை முழுக்க பாண்தான். ஈரச் சப்பாத்துக் காயவைக்க அறை உண்டா என்பது அதைவிட முக்கியம். துப்புரவுக் காசு, படுக்கை விரிப்பு, ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்ற ஊர் வரி எல்லாம் வாடகைக்குள்ளா வெளியேயா என்று எழுத்தில் வாங்குங்கள்.

7. அப்பம்மாவும் வருவா என்றால் அவவுக்கும் ஒரு பாதை பாருங்கள். குளிர்கால நடைபாதைகளுக்கு இளஞ்சிவப்பு அடையாளம் வைப்பார்கள். பாதி வழியிலாவது ஒரு தேநீர்க்கடையும் வெயில் விழும் வாங்கிலும் வேண்டும்.

8. சுற்றுலா அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே எல்லாம் நல்லது என்பார்கள். லிப்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு நிற்கிறவரிடம் கதையுங்கள்; எந்த லிப்டில் நெரிசல், எந்தச் சரிவில் பனி முதலில் கரையும் என்று அவர் சொல்வார். இந்த ஊர்களின் ஹொட்டேல் குசினிகளில் எண்பதுகளிலிருந்து நம்மவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடியுங்கள். கடையில் பால் என்ன விலை என்பது தொடக்கம் எல்லாம் தெரியும்.

9. ஸ்கீ, சப்பாத்து ஒன்றும் வாங்க வேண்டாம். வளரும் கால். வாடகைக்கு எடுங்கள்.

10. மூன்று ஊருக்கு மேல் பார்க்காதீர்கள், குழம்பிப் போவீர்கள். பிடித்தது கிடைத்தால் திரும்பி வந்த கிழமையே பதிந்துவிடுங்கள். பெப்ரவரியில் சூரிச், பேர்ன் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நெதர்லாந்துப் பிள்ளைகளுக்கும் விடுமுறை.