லீவர் நறநறத்தால் நெஞ்சைப் பிடிக்க வேண்டாம்

கேபினெட் முதல் ரேம் வரை எல்லாவற்றையும் தானே அலசி ஆராய்ந்து வாங்குபவர்கூட, பிராசசர் என்று வந்ததும் "இதை மட்டும் கடையிலேயே மாட்டிக் கொடுத்துடுங்க" என்பார். அசெம்பிள் செய்வதில் மக்கள் அதிகம் நடுங்குவது இந்த ஒரு வேலைக்குத்தான். நடுங்க வேண்டிய இடம் இருக்கிறது. ஆனால் பலரும் நடுங்குவது அங்கே அல்ல.

பிராசசரை விரலால் அழுத்தி உட்காரவைக்க வேண்டும் என்பது முதல் நம்பிக்கை. கூடவே கூடாது. ரேமைத்தான் 'டக்'கென்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். அதே கைப்பழக்கத்தோடு பிராசசரைத் தொடுபவர் மதர்போர்டுக்கு மறுபடி காசு எடுத்துவைக்க வேண்டியதுதான். மேசைக் கணினிகளில் இன்டெல் 2004-இல் எல்ஜிஏ 775 சாக்கெட்டோடு பின்களைச் சிப்பிலிருந்து மதர்போர்டுக்கு மாற்றியது. ஏஎம்டி 2022-இல் ஏஎம்5 சாக்கெட்டில் அதே வழிக்கு வந்தது. அந்தச் சின்னச் சதுரத்துக்குள் 1,718 பின்கள், ஒவ்வொன்றும் சாய்ந்து நிற்கும் நுண்ணிய ஸ்பிரிங். நான்கைந்து வளைந்தாலே ஒரு ரேம் ஸ்லாட் செத்துப்போகலாம். சிப்பின் மூலையிலுள்ள முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, நேராக வைத்துக் கையை எடுத்துவிட்டால் போதும். அது தன் எடையிலேயே அமரும்.

பலம் வேண்டியது அடுத்த கட்டத்தில். இன்டெல் சாக்கெட்டின் லீவரை இறக்கும்போது கை வலிக்கிற அளவுக்கு எதிர்ப்பு இருக்கும், நறநறவென்று சத்தம் கேட்கும், மேலிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி துள்ளிக் கழன்று விழும். புதியவர் பாதியில் நிறுத்திவிடுவது இங்கேதான். சிப் ஆடாமல் சமமாக அமர்ந்திருந்தால் நிறுத்தத் தேவையில்லை. அத்தனை பின்களும் ஒருசேர அமுங்கச் செலவாகும் பலம் அது. மூடியைப் பத்திரப்படுத்துவது நல்லது. வாரண்டிக்குப் போகும்போது அதைக் கேட்பார்கள்.

பழைய ஏஎம்4-இல் கதை தலைகீழ். 1,331 பின்களும் சிப்பிலேயே இருக்கும். ஆகவே ஆபத்து மாட்டும்போதைவிடக் கழற்றும்போதுதான் அதிகம்: சிப்புக்கும் கூலருக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொள்ள, கூலரை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து வந்துவிடும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை லேசாகத் திருகி எடுக்க வேண்டும்.

"சாக்கெட்டில் பொருந்திவிட்டதே, அப்புறம் என்ன?" நிறைய இருக்கிறது. 2017-இல் வந்த இன்டெல் எட்டாம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்புகளுக்கும் எல்ஜிஏ 1151 தான் சாக்கெட். முந்தைய தலைமுறை மதர்போர்டிலும் அவை அச்சாக உட்காரும். ஓடுவதற்கு 300 வரிசைச் சிப்செட் வேண்டும். வாங்குமுன் மதர்போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலையும் பயாஸ் பதிப்பையும் பார்க்காதவர் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

தெர்மல் பேஸ்ட் விஷயத்தில் தாராளம் வேண்டாம். வெப்பக் கடத்துதிறனில் தாமிரம் சுமார் 400, காற்று 0.03-க்கும் கீழே. பேஸ்ட்டுகள் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் நிற்கின்றன. அதாவது காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நல்லது, உலோகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களிலிருந்து காற்றை வெளியேற்றுவது மட்டுமே அதன் வேலை. பட்டாணி அளவு போதும். அதிகமானால் வழிந்து அழுக்காகும், அவ்வளவே. பெட்டியோடு வரும் கூலரின் அடியில் ஏற்கெனவே பூசியிருந்தால் மேலே வேறு பிதுக்க வேண்டாம்.

கூலர் சரியாக அமராவிட்டால் சிப் எரிந்துபோகும் என்ற பேச்சு அந்தக் காலத்து ஏஎம்டி அத்லான் சிப் தந்தது. 2001-இல் கூலரைக் கழற்றிப் பார்த்த சோதனையில் அது புகைந்தே போனது. இன்டெலின் பெண்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்றைய சிப்புகள் எல்லாமே இரண்டாவது ரகம். ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது.

உண்மையில் நடக்கும் கூத்துகள் இதைவிட எளியவை. கூலரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டியிருப்பார்கள். அல்லது ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். பிராசசர் போய்விட்டது என்று வீடே துக்கம் காக்கும். மதர்போர்டின் மேல்மூலையில் செருக வேண்டிய 8 பின் பவர் கேபிள், கேபினெட்டின் பின்பக்கம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.