கறி மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா?



சோறு வேண்டாம், சப்பாத்தி வேண்டாம், கறியும் முட்டையும் நெய்யும் மட்டும் போதும், சர்க்கரையும் எடையும் தானாக இறங்கிவிடும் என்ற பேச்சு இப்போது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. கறி நமக்கு ஹலாலான உணவு, விருப்பமான உணவு. ஆகவே கேட்டதும் மனதுக்குப் பிடித்துவிடுகிறது. இதில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டையும் பிரித்து அறிந்துகொள்வதே இந்த மாதப் பாடம்.

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது?

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் 14 பேருக்கு இருக்கிறது. அரிசியும் மைதாவும் சீனியும் நம் உணவில் மிகுந்துவிட்டது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

"நாங்கள் கறிதானே சாப்பிடுகிறோம்" என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் பாருங்கள். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு தட்டு பிரியாணியில் 300 கிராம் சோறு என்றால் மாவுச்சத்து 80 கிராமைத் தாண்டும். அதில் கிடக்கும் கறித்துண்டுகளில் மாவுச்சத்து அநேகமாக இல்லை. சர்க்கரையை ஏற்றுவது கறி அல்ல, சோறு. சால்னாவுக்குப் பரோட்டா, பாயாவுக்கு இடியாப்பம் என்று நம் கறி எப்போதும் மாவோடுதான் வருகிறது.

மாவுச்சத்தை நிறுத்தினால் உடலில் என்ன நடக்கும்?

மாவுச்சத்து வருவது நின்றால், ஈரலில் சேமித்து வைத்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது ஈரல் உண்டாக்கும் பொருளுக்குக் கீட்டோன் என்று பெயர். மூளையும் தசையும் அதையும் எரிபொருளாகக் கொள்ளும். முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீரோடு உப்பும் வெளியேறுவதால் தலைவலி, சோர்வு, மயக்கம் வரலாம்.

இது புதிய சோதனை அல்ல. வடதுருவத்தில் இனுயிட் மக்களோடு வாழ்ந்த ஸ்டெஃபான்சன் என்ற ஆய்வுப் பயணி, 1928-இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்கள் கண்காணிக்க, இன்னொருவரோடு சேர்ந்து ஓராண்டு இறைச்சியை மட்டுமே உண்டு காட்டினார். இருவரும் நலமாகவே இருந்தார்கள். ஆனால் தொடக்கத்தில் கொழுப்பில்லாத சதைக்கறியை மட்டும் கொடுத்தபோது சில நாட்களிலேயே அவருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. கொழுப்பைச் சேர்த்த பிறகே சரியானது. அவர்கள் ஈரல், மூளை, எலும்பு மஜ்ஜை எல்லாம் உண்டார்கள். இருவரும் சர்க்கரை மாத்திரை எடுக்காத ஆரோக்கியமான ஆண்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமானது பேலியோ உணவுமுறை. நியாண்டர் செல்வன் என்ற பெயரில் எழுதுபவர் இதைத் தமிழில் பரப்பினார். சிவகங்கை மருத்துவர் ஃபரூக் அப்துல்லாவும் மாவுச்சத்து குறைந்த உணவு பற்றித் தொடர்ந்து எழுதி வருகிறார். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பேலியோ என்பது வெறும் கறி அல்ல. அதில் காய்கறி உண்டு, கீரை உண்டு, பாதாம் உண்டு. இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு தொடங்குவதும் அதில் ஒரு பகுதி. நம்மில் பலர் கறியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

ஆபத்து மாத்திரையில் இருக்கிறது

மாத்திரையின் அளவு, நீங்கள் உண்ணும் சோற்றைக் கணக்கில் வைத்தே தரப்படுகிறது. சோற்றை நிறுத்திவிட்டு அதே மாத்திரையைப் போட்டால் என்ன ஆகும்?

1. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பிறகு மயக்கம். சிப்காட்டில் இரவு ஷிப்டில் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கும், ஜி.என்.டி. சாலையில் வண்டி ஓட்டுபவருக்கும் இது உயிர் போகும் விஷயம். அளவு 70-க்குக் கீழே போனால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு உடனே 3 டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

2. டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். சர்க்கரை அளவு அதிகமாகக் காட்டாமலேயே இது வரும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் இருந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

3. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு அழுத்தம் மிகவும் இறங்கித் தலைசுற்றும்.

இதற்குப் பயந்து மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறு. அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவர். இன்சுலினை ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

யாருக்கு இது கூடாது?

மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும் என்பதை அமெரிக்க நீரிழிவு சங்கம் 2019-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் மிகக் குறைந்த மாவுச்சத்து உணவை அது பரிந்துரைக்கவில்லை. பிள்ளைகளுக்கும் இது வேண்டாம். யூரிக் அமிலம் உள்ளவர்களும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கறியும் நெய்யும் கூடும்போது சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறிவிடுகிறது. நார்ச்சத்து இல்லாததால் மலச்சிக்கலும் வரும்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

2022-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வொன்று, உணவின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி மட்டும் மாவுச்சத்திலிருந்தும், ஐந்தில் ஒரு பங்கு புரதத்திலிருந்தும் வந்தாலே புதிதாகச் சர்க்கரை வந்தவர்களுக்கு நல்ல பலன் கிடைக்கும் என்று கணித்தது. சோற்றை அடியோடு விட வேண்டியதில்லை. மருந்து எடுப்பவர்கள் இந்த மாற்றத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

தட்டில் பாதி காயும் கீரையும், கால்வாசி கறி அல்லது மீன் அல்லது முட்டை, மீதி கால்வாசி சோறு. ஆட்டுக்கறி விலைக்குத் தினமும் வாங்க முடியாது. முட்டை, மத்தி மீன், பருப்பு போதும். பழவேற்காடு பக்கத்தில் இருப்பதால் மீனுக்குக் குறைவில்லை. பிரியாணி நாளில் சோற்றைப் பாதியாக்கி, கறியையும் கத்திரிக்காயையும் கூட்டிக்கொள்ளுங்கள். தேநீரில் சீனியை விடுங்கள்.

ரமலானில் இந்த உணவுமுறையைப் புதிதாகத் தொடங்க வேண்டாம். பகல் முழுவதும் உண்ணாதிருக்கும்போது சர்க்கரை இறங்கும் ஆபத்து இன்னும் கூடும்.

தொடங்க விரும்புகிறவர் மூன்று மாத சர்க்கரை அளவு, கிரியேட்டினின், கொழுப்பு, யூரிக் அமிலம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொண்டு, மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகட்டும். "சோற்றைக் குறைக்கப் போகிறேன், மாத்திரையை எப்படி மாற்றுவது?" என்று கேட்கட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள், வருகிற ஊழியரிடம் இதைச் சொல்லலாம்.

இந்தப் பக்கத்தை மாத்திரை எடுக்கும் உங்கள் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். உடல் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அதைப் பேணுவதும் நம் கடமையே.